கலியபெருமாள் பெயரில் ஒரு கடிதம்

அன்று செவ்வாய்க்கிழமை. சிதம்பரத்தில் நான் ஆய்வக உதவியாளராக இருக்கும் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. கலியபெருமாள் என்று பெயர் காட்டியது. வராந்தாவுக்கு வந்து, "என்ன மச்சான், லைன் மறுபடியும் புடுங்கிக்கிச்சா?" என்று கிண்டலாகவே ஆரம்பித்தேன். பேசியது அவர் மனைவி அஞ்சலை. "அண்ணே, அவுரு போயிட்டாருண்ணே" என்றார். "எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

காலையில் பல் துலக்கப் போனவர் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அஞ்சலை சொம்போடு திரும்பி வருவதற்குள் சாய்ந்துவிட்டார். வயது ஐம்பத்தொன்பது. போன ஆவணி மாதம் அது. கடலூருக்குப் பஸ் ஏறியது நினைவிருக்கிறது. வழியில் என்ன பார்த்தேன், யாரோடு பேசினேன் என்பது எதுவும் நினைவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அவருடைய ஒரே மகள் அமுதா கனடாவிலிருந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். படத்துக்கு முன்னால் விழுந்து, "நாலு லெட்டர் போட்டேனே, ஒண்ணுத்துக்குக்கூட பதில் போடலியேப்பா" என்று அழுதாள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் அது கேட்டது. அன்றிலிருந்து அவர் குடியிருந்த புதுப்பாளையத்தில் ஒரே பேச்சுதான். கலியபெருமாள் கல்நெஞ்சுக்காரர், பெற்ற பெண் கெஞ்சிக் கடிதம் எழுதியும் படித்துவிட்டுச் சும்மா இருந்த மனிதர் என்று. இந்த நினைவு மலருக்கு நீயும் எழுது என்று நண்பர்கள் கேட்டபோது நான் ஒப்புக்கொண்டது அந்தப் பேச்சுக்காகத்தான். அது தவறான பேச்சு. தவறு என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குக் காரணம் நான்.

முறையாகச் சொல்கிறேன். அவரை நான் முதலில் பார்த்தது 2009இல், சிதம்பரம் மேல வீதியில் ரேடியோ உதிரிபாகம் விற்கும் ஒரு கடையில். ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் மிச்சம் இருந்தது. எனக்கும் அதுதான் வேண்டும். அவர் அதை வாங்கிப் பையிலிருந்து சொந்த மீட்டரை எடுத்து அளந்து பார்த்தார். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் சார், கம்பெனிக்காரன் போட்டிருக்கிற எண்ணை நம்ப மாட்டீங்களா?" என்று நான் இடையில் புகுந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மீட்டர் வச்சிப் பாக்காம நான் எம்பொண்டாட்டி சொல்றதையே நம்ப மாட்டேன்" என்றார். அளந்தபின் அதை என் கையிலேயே கொடுத்தார். "அளவு கொறையுது. ஒங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க" என்றார். பஸ் நிலையத்து டீக்கடைக்குப் போவதற்குள் நான் அவருக்கு மச்சான் ஆகிவிட்டேன். உறவு எதுவும் கிடையாது. அவர் அப்படிக் கூப்பிட்டதால் அஞ்சலை என்னை அண்ணன் என்றார்.

குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. வீட்டில் அவரே சேர்த்த ஆம்பிளிஃபயர், அவரே பலகை அறுத்துச் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அலமாரி நிறைய கேசட்டும் குறுந்தகடும். இத்தனை இருந்தும் அவர் உயிரை விட்டது ஓர் இணைய வானொலிக்காக. கனடாவில் யாரோ நான்கைந்து தமிழர்கள் சேர்ந்து நடத்துவது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, அங்கே சனிக்கிழமை இரவு, மதி என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு பெண் பழைய பாட்டுகளைப் போட்டு நடுநடுவே பேசுவாள். இணையத்தில் பாட்டை அனுப்பும்போது கனத்தைக் குறைப்பதற்காக ஒலியை நறுக்கித்தான் அனுப்புவார்கள். இவர்களோ கையில் காசில்லாமல் எலும்பு மட்டும் மிஞ்சும் அளவுக்கு நறுக்கியிருந்தார்கள். அதைவிடத் தெளிவான நிலையங்கள் எத்தனையோ இருந்தன. "ஏன் மச்சான், இருக்குறதுலயே மட்டமானதப் புடிச்சித் தொங்குறீங்க?" என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு தமிழ் சுத்தமா பேசுது" என்றார். நான் நம்பிவிட்டேன். எனக்கு மீட்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் இல்லை.

இப்படிச் செட் கட்டிப் பாட்டுக் கேட்கும் எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, நண்பர்களுக்குத் தெரியும். ஒருவர் தன் செட்டில் எதை மாற்றினாலும் மற்றவர்கள் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்க வேண்டும். வீட்டுப் பெண்களில் யாராவது திரைக்குப் பின்னால் பழைய வயரையும் புது வயரையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். எது நன்றாக இருந்தது என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தர வேண்டும். இதற்குக் காது சாட்சி என்று பெயர் வைத்ததே கலியபெருமாள்தான். அவர் வீட்டில் வயர் மாற்றுவது அஞ்சலை. ஒருமுறை அவர் பெருமையோடு மாற்றிய புது வயரை நாங்கள் மூன்று பேரும் மட்டம் என்று எழுதிவிட்டோம். சீட்டுகளைப் படித்துவிட்டு அன்றைக்கே அதைக் கழற்றிக் கொடியாகக் கட்டிவிட்டார். துணி காயப்போட நல்ல வயர் என்றார்.

அந்த ஒரு மணி நேர நிகழ்ச்சிக்காக அவர் செய்த வேலைகளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கணினியின் காற்றாடி இரைகிறது என்று அதை அடுத்த அறைக்குத் தள்ளிச் சுவரில் துளை போட்டு வயரை இழுத்தார். கணினியோடு வந்த ஒலி அட்டை கரகரக்கிறது என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், தனியாக வெளியே வைக்கும் ஒலிப்பெட்டி ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். பிறகு மெல்லிய ரீங்காரம் ஒன்று மிஞ்சியது. எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. கொல்லையில் ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் அடுக்கடுக்காகக் கொட்டிப் புதிதாக எர்த் போட்டார். "சத்தத்த எவன் வேணா கூட்டிடுவான் மச்சான். சத்தம் இல்லாத எடத்துல சத்தம் இல்லாம இருக்கணும். அதான் வேல" என்பார். உப்புக் காற்று தின்னும் ஊர் இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா இணைப்புகளையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். "கம்பி பொய் சொல்லாது, ஜாயின்ட்டுதான் பொய் சொல்லும்" என்பதும் அவர் சொன்னதுதான்.

ஒரு நாள் போனபோது சமையலறைக்கு ஒரு வயர் ஓடியது. எட்டிப் பார்த்தால் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர். ஒரே ஆம்பிளிஃபயரில் கூடுதலாக ஒரு ஸ்பீக்கரை மாட்டினால் பெரிய பெட்டிகளின் ஒலி கெடும் என்று எங்களுக்கு மணிக்கணக்கில் வகுப்பெடுத்தவர் அவர். "என்ன மச்சான், சாம்பாருக்குப் பாட்டா?" என்று ஓட்டினேன். "இருந்துட்டுப் போவட்டும்" என்றார், அவ்வளவுதான். ஞாயிறு காலையில் அஞ்சலை இட்லி ஊற்றுவதை நிறுத்திவிட்டு அந்த டப்பாக்களுக்கு முன்னால் நிற்பார். அவருக்கும் பழைய பாட்டு பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மதி என்ற அந்தக் குரல் அமுதா. இது எனக்குக் கருமாதிக்குப் பிறகுதான் தெரியும். அவருக்கு ஒரு பெண் இருந்தாள், 2006இல் தன்னோடு படித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள் என்பது வரை கேள்விப்பட்டிருந்தேன். பையன், இவர்கள் பெண் கொடுக்காத சாதி. கலியபெருமாள் அவளோடு பேச்சை அறுத்துக்கொண்டார். அவள் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டபோது குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். மூன்றாம் முறை அவள் கூப்பிடவில்லை. அந்தத் தவறு முழுக்க அவருடையது, அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. நண்பர் என்பதற்காக அதை நியாயப்படுத்தினால் அவரே சீட்டில் மட்டம் என்று எழுதுவார். அஞ்சலையின் தங்கை மகன் ஒருவன் 2008இல் அந்த வானொலியில் அமுதா பேசுவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். மறு வாரமே இந்த மனிதர் கணினி வாங்கிவிட்டார். வீட்டில் இரண்டு பேரும் ஞாயிறுதோறும் மகள் குரலைக் கேட்டார்கள். அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. சமையலறைக்கு வயர் மட்டும் போனது.

இதெல்லாம் தெரியாத நான் 2010 ஆடியில் ஒரு காரியம் செய்தேன். எவ்வளவுதான் செட்டை மாற்றினாலும் அனுப்புகிற இடத்திலேயே ஒலி மட்டமாக இருந்தால் என்ன செய்ய முடியும்? அந்த நிலையத்துக்கே எழுதிக் கேட்டால் என்ன என்று தோன்றியது. ஒலியைக் கூட்டிவிட்டார்கள் என்றால் அவருக்குத் திடீரென்று ஒரு சந்தோஷம் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் எழுதினால் மதிப்பிருக்காது, தவறாமல் கேட்கும் நேயர் எழுதியதாக இருக்க வேண்டும். சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர் பெயரில் மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் திறந்தேன். இப்படி எழுதினேன்:

"ஐயா, தங்கள் வானொலியை ஞாயிறுதோறும் தவறாமல் கேட்டு வருகிறேன். அறிவிப்பாளர் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. மூச்சு விடுவதுகூடக் கேட்கும்படி ஒலியின் தரத்தை உயர்த்தினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். இப்படிக்கு, கலியபெருமாள், புதுப்பாளையம், கடலூர்."

ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தேன், பதில் இல்லை. அதோடு அந்த மின்னஞ்சல் பெட்டியை மறந்தேன்.

மூன்றாவது ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. "மச்சான், சத்தம் மாறிடுச்சி! நாலு மடங்கு ஏத்திட்டாங்க! பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி இருக்குது" என்றார். குரல் உடைந்திருந்தது. இவ்வளவு ஆனந்தமா என்று எனக்கே சிரிப்பு வந்தது. நேரில் சொல்லிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அங்கே வேறு கதை. நாலு மடங்கு ஒலியை, இணையம் வரும் அவர் வீட்டுத் தொலைபேசி லைன் தாங்கவில்லை. அரை நிமிடம் பேசும், நின்றுவிடும். சுற்றிக்கொண்டே இருக்கும். மறுபடியும் வரும்போது பாதி வாக்கியம் போயிருக்கும். மழை பிடித்த பிறகு அதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் கேட்டால் அதிகம். நான் போன அந்த முதல் ஞாயிறே கலியபெருமாள் நாற்காலியிலிருந்து எழுந்து, "கொறச்சலா இருந்தாலும் முழுசா வந்துகிட்டு இருந்துச்சி. எந்த முட்டாப்பய மச்சான் இத ஏத்தச் சொன்னவன்?" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம்கூட இல்லை. நான் இட்லியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். திட்டு விழும், அவ்வளவுதானே. அந்தத் திட்டுக்குப் பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டேன். பழையபடி குறைக்கச் சொல்லி நிலையத்துக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம். அதற்காகவாவது அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் அமுதாவின் முதல் பதில் அதில் இருந்திருக்கும். அந்தப் பெட்டியை நினைத்தாலே எனக்கு முட்டாப்பய என்று கேட்டது. அதனால் நினைப்பதை விட்டுவிட்டேன்.

அவர் நிலையத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லி என்னைக் கேட்டதே இல்லை. எழுதினால் மகளுக்கு எழுதியதாக ஆகிவிடும் என்று இப்போது புரிகிறது. அதற்குப் பதில் லைனோடு மல்லுக்கட்டினார். ஏறக்குறைய ஓராண்டு. வீட்டிலிருந்து தெருமுனைப் பெட்டி வரை கம்பத்துக்குக் கம்பம் நடந்து எங்கே கம்பி அறுந்து ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தாளில் படம் வரைந்தார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு தொலைபேசி அலுவலகத்துக்கு வாரம் ஒருமுறை போனார். அங்கே ஒரு லைன்மேன் எரிச்சலோடு, "சார், ஊரே இந்த லைன்லதான் பேசுது. ஒங்க ஒருத்தருக்கு மட்டும் என்னா கெட்டுப்போவுது?" என்று கேட்டாராம். "எனக்குக் கெட்டுப்போவுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் அந்த லைன்மேனே மனம் இளகி, தண்ணீர் இறங்கியிருந்த மண்ணுக்கடி இணைப்பைத் தோண்டி எடுத்து மாற்றிக் கொடுத்தார். 2011 ஆனி மாதம் அது. அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரமும் ஒரு வெட்டு இல்லாமல் வந்தது. முடிந்ததும் கலியபெருமாள் செட்டை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் புரட்டாசியில் ஒரு காலை. நானும் அவர் பக்கத்தில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மதி ஒரு பாட்டை அறிவித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "மூச்சு வாங்குது பாத்தியா? வாக்கியத்துக்கு நடுவுல எடுக்குது. மாசமா இருக்கா" என்றார். என்னிடம் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அஞ்சலை, "ம்" என்றார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. "காதா ஸ்டெதாஸ்கோப்பா மச்சான்?" என்றேன். அவரும் சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நான் என் கிண்டலுக்குத்தான் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு மார்கழியில் புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பலாவும் முந்திரியும் படுத்துவிட்டன. கம்பங்கள் கும்பலாகச் சாய்ந்தன. மின்சாரம் வரவே வாரக்கணக்கானது. கலியபெருமாளின் கூரை ஓடுகள் பறந்து மழைத்தண்ணீர் ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. நான் போனபோது அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "லைன் எப்ப வரும் மச்சான்?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மாசிக் கடைசியில்தான் வந்தது. வந்தபோது ஞாயிறு நிகழ்ச்சியில் வேறு ஓர் ஆண் குரல் பேசியது. அந்தக் குரலையும் அவர் விடாமல் கேட்டார், நான்கு மாதம். விரல் விட்டு எண்ணிக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். ஆனியில் மதி திரும்பி வந்தாள். அன்றைக்கு எனக்கு மதிய உணவு வடை பாயசத்தோடு கிடைத்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன். "லைன் நல்லா இருக்குதுல்ல" என்றார்.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது அமுதா என்னிடம் வந்தாள். அம்மா என்னை அண்ணன் என்பதால் அவள் மாமா என்றாள். "அப்பா எனக்கு ஒரே ஒரு மெயில் போட்டாரு மாமா. கொரல் தகர டப்பா மாதிரி இருக்குதுன்னு. ஆறு வருசத்துல அந்த ஒண்ணுதான். நான் அழுதுட்டே சண்ட போட்டு சத்தத்த ஏத்த வச்சேன். அதுக்கப்புறம் நாலு தடவ எழுதிட்டேன். நீங்க கூடவே இருந்தீங்களே, அதையெல்லாம் அவுரு படிச்சாரா?" என்று கேட்டாள். மதி யார் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "தெரியலியேம்மா" என்றேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக ஒரு பொய் சொன்னதில்லை.

சிதம்பரம் திரும்பிப் பெட்டியைத் திறந்தேன். நான்கு கடிதங்கள், திறக்காதவை என்று தடித்த எழுத்தில் வரிசையாக இருந்தன. அவற்றைத் தாளில் அச்செடுத்துக்கொண்டேன். அமுதா கனடாவுக்குப் பறந்த பிறகுதான் எனக்குப் புதுப்பாளையம் போகும் தைரியம் வந்தது. அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். "படிங்கண்ணே" என்றார். சமையலறை வாசலில் உட்கார்ந்து படித்தேன்.

முதல் கடிதத்தில், "அப்பா, நிலையத்துக்கு எழுதுவதுபோல் ஐயா என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. இவ்வளவு கறாராகக் குறை சொல்ல உங்களைத் தவிர யாருக்கு வரும்? கூட்டச் சொல்லிவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்" என்று இருந்தது. இரண்டாவது, தான் ஐந்து மாதம் என்று. அதைப் படித்தபோது அஞ்சலை, "அது அவுருக்குத் தெரியும். அன்னைக்கே சொன்னாரே" என்றார். மூன்றாவது, புயல் செய்தி பார்த்து எழுதியது. வீடு நிற்கிறதா, அம்மா நன்றாக இருக்கிறாளா, நலம் என்ற ஒரு சொல் போதும் என்று. நான்காவது ஆனியில் எழுதியது. நான்கே வரிகள். "ஆவணியில் எனக்கு விடுமுறை கிடைக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா அப்பா? பதில் வரவில்லை என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன். கோபப்பட மாட்டேன்."

அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசம் வந்தது. அஞ்சலை எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "இதக் காட்டியிருந்தா வான்னு சொல்லியிருப்பாரா?" என்று கேட்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல மாட்டாரா என்ற ஆசையில்தான் கேட்டேன். அவர் யோசித்தார். "சொல்லியிருப்பாருன்னுதான் தோணுது. சொல்லாமயும் இருந்திருப்பாரு. முப்பத்தஞ்சி வருசம் குடும்பம் பண்ண எனக்கே தெரியலண்ணே. ஆமாவா இல்லியான்னு அவுரு வாயாலயே நாம கேட்டிருக்கலாம், அது இல்லாமப் பண்ணிட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அமுதாவுக்கு என் சொந்தப் பெயரில், என் சொந்த முகவரியிலிருந்து எழுதினேன். தகர டப்பா என்று எழுதியவன் நான் என்று எழுதினேன். உன் அப்பா உன் மூச்சைக் கேட்டே பிள்ளை உண்டாகியிருப்பதைத் தெரிந்துகொண்டார், அன்றைக்கு அவர் சிரித்ததை நான் பார்த்தேன் என்றும் எழுதினேன். மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. இப்போது ஒரு நாளைக்கு நான்கு தடவை பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். எழுது என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

பிரிந்தவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்ற கேள்விக்கு இந்த மலரில் எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். அஞ்சலை எனக்கு அவருடைய மீட்டரைக் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. என்னிடம் இருப்பது அவர் பெயர். அவரைக் கேட்காமல் எடுத்தது. அந்தப் பெயரில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் அவர் கண்ணில் படாத நான்கு கடிதங்கள் இருக்கின்றன. புதுப்பாளையத்துக்காரர்களே, மகள் வரட்டுமா என்று கேட்டு அவர் பதில் சொல்லாமல் இருக்கவில்லை. அவள் கேட்டதே அவருக்குத் தெரியாது. கல் என்று யாரையாவது சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் என்னைச் சொல்லுங்கள்.